பறக்கும் படகுகளும் டர்பன் பிள்ளைகளும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கடலைப் பார்க்காத பிள்ளை கிடையாது. கடலில் இறங்கத் தெரிந்த பிள்ளைகள்தான் குறைவு. சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் இருக்கிற நம் தமிழ்க் குடும்பங்களைக் கேட்டுப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்கு வருவார்கள், மணலில் விரிப்பைப் போட்டு பிரியாணிச் சட்டியைத் திறப்பார்கள், முழங்கால் அளவு தண்ணீரில் நிற்பார்கள், வெயில் தாழத் திரும்பிவிடுவார்கள். துறைமுகத்துக்குள் வரிசையாக நிற்கும் பாய்மரப் படகுகளைக் காட்டி "ஏறிப் பார்த்திருக்கிறாயா?" என்று கேட்டால், அது நமக்கு இல்லை என்கிற மாதிரி ஒரு தலையசைப்புதான் பதில்.

சில வாரங்களுக்கு முன் அந்தப் படகுகளுக்குப் பக்கத்திலேயே ஒரு கூடத்தில் நிதி திரட்டும் கூட்டம் நடந்தது. உலகப் போட்டிகளில் பட்டம் வென்ற பாய்மரப் படகு வீராங்கனை ஒருவர் வந்து பேசினார். தலைப்பு, பாய்மரப் பந்தயத்தின் வருங்காலம். டிக்கெட் காசு முழுவதும் வசதியில்லாத பிள்ளைகளுக்கு நீச்சலும் படகோட்டலும் கற்றுத்தரப் போகிறது. சின்னக் கூட்டம் என்பதால் பேசியவரின் பெயரைப் போட்டு எதுவும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். எனவே பெயரை விட்டுவிடுகிறேன். அவர் தொட்டுப் போன விஷயங்களும், அவற்றை வைத்து நான் யோசித்தவையும்தான் இந்தப் பதிவு.

என்னைப் பற்றி இரண்டு வரி. ஊர் தூத்துக்குடி. இங்கே பேஹெட் பக்கம் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை. என்னோடு கூட்டத்துக்கு வந்தவர் எண்பதைத் தாண்டிய ஒரு பெரியவர். இந்த ஊர் வழக்கப்படி எல்லோருக்கும் அவர் அங்கிள்தான். அவருடைய அப்பாவும் தாத்தாவும் இதே துறைமுகத்துக்குள் கரைவலை இழுத்தவர்கள்.

பேச்சு வேகத்தில் ஆரம்பித்தது. பாய்மரப் படகு என்றதும் நம் மனதில் வருவது தண்ணீரைக் கிழித்துக்கொண்டு சாய்ந்து போகிற படகு. இன்றைக்கு உச்சியில் இருக்கும் பந்தயப் படகுகள் தண்ணீரைத் தொடுவதே கொஞ்சம்தான். அடியில் ஃபாயில் என்று ஒரு சிறகு இருக்கிறது. ஓடும் பஸ்ஸின் ஜன்னலுக்கு வெளியே உள்ளங்கையை லேசாகச் சாய்த்து நீட்டினால் கை தானாக மேலே எழும்புமே, தண்ணீருக்குள் அந்தச் சிறகு செய்வதும் அதே வேலை. தண்ணீர் காற்றைவிடச் சுமார் 800 மடங்கு அடர்த்தி என்பதால் சின்னச் சிறகே ஒரு பெரிய படகைத் தூக்கிவிடுகிறது. படகின் உடல் மேலே எழுந்துவிட்டால் தண்ணீரின் இழுவை பெருமளவு போய்விடும். அப்புறம் காற்றின் வேகத்தைவிட இரண்டு மூன்று மடங்கு வேகத்தில் ஓடலாம்.

1851-இலிருந்து நடக்கும் அமெரிக்கா கோப்பை என்ற பாய்மரப் பந்தயத்தில் இது பெரிய அளவில் அரங்கேறியது 2013-இல், சான் ஃபிரான்சிஸ்கோவில். அதில் 8-க்கு 1 என்று பின்தங்கியிருந்த அமெரிக்க அணி தொடர்ந்து 8 பந்தயங்களை வென்று கோப்பையைத் தக்கவைத்ததைப் பலர் இன்றும் பேசுகிறார்கள். அந்தப் போட்டிக்கான பயிற்சியில் மே மாதம் ஓர் உயிர் போனதைப் பேசுகிறவர்கள் குறைவு. பிரிட்டனுக்காக 2008 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஆண்ட்ரூ சிம்ப்சன், படகு கவிழ்ந்து உடைந்ததில் இறந்துபோனார். அதற்குப் பின்தான் தலைக்கவசம், உடம்போடு கட்டிய சிறு காற்றுப்புட்டி, நீருக்கடியில் தப்பிக்கும் பயிற்சி எல்லாம் கட்டாயம் என்கிற நிலை இறுகியது. அவர் பெயரில் தொடங்கிய அறக்கட்டளை இன்று பிள்ளைகளுக்குப் படகோட்டக் கற்றுத்தருகிறது. இந்த விளையாட்டில் தருமம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு வீராங்கனை சொன்ன முதல் உதாரணம் அதுதான்.

2024-இல் பார்சிலோனாவில் அதே கோப்பைக்காக ஓடிய படகுகள் 50 நாட் (கடலில் வேகத்தை அளக்கும் அலகு) வேகத்தைச் சாதாரணமாகத் தாண்டின, அதாவது மணிக்கு 90 கிலோமீட்டருக்கு மேல். செயில்ஜிபி என்ற தொடரில் ஓடும் இரட்டை உடல் படகுகள் மணிக்கு 100 கிலோமீட்டரையும் தாண்டிவிட்டன. பாரிஸ் ஒலிம்பிக்கின் 10 பாய்மரப் போட்டிகளில் 5 இப்போது ஃபாயில் மேல் ஓடுகிறவை.

இதற்கு மேல் போனால் என்ன ஆகும்? இங்கே என் தொழில் குறுக்கே வருகிறது. பட்டறையில் ஏற்றப்படும் கப்பல்களின் ப்ரொப்பல்லர் இலைகளில் அம்மைத் தழும்பு மாதிரி குழிகள் இருக்கும். இலையின் ஒரு பக்கத்தில் அழுத்தம் மிகவும் குறையும்போது தண்ணீர் சூடாகாமலே கொதித்துக் குமிழாகிறது. அந்தக் குமிழ்கள் உள்வாங்கி நொறுங்கும்போது இரும்பையும் வெண்கலத்தையும் தின்றுவிடும். ஃபாயிலுக்கும் இதே வியாதி உண்டு. ஏறத்தாழ 50 நாட் வேகத்துக்கு மேல் சாதாரண சிறகின் முதுகில் தண்ணீர் கொதிக்கத் தொடங்கிவிடும், தூக்கும் சக்தி குலையும். இந்தத் தடையை வெகுதூரம் தாண்டிய பாய்ப்படகு ஒன்று ஓடியது நமக்குப் பக்கத்து நாட்டில், நமீபியாவின் வால்விஸ் பே. 2012 நவம்பரில் பால் லார்சன் என்ற ஆஸ்திரேலியர் சிறகின் வடிவத்தையே மாற்றி, குமிழை எதிர்க்காமல் அதற்கு வழிவிட்டு, 500 மீட்டர் தூரத்துக்குச் சராசரி 65.45 நாட் ஓடினார். மணிக்கு 121 கிலோமீட்டர். கூடத்தில் இதைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ப்ரொப்பல்லரில் நாங்கள் வருஷக்கணக்கில் அடைத்துக்கொண்டே இருக்கும் குழிக்குக் காரணமானதை ஒரு மனிதன் கூட்டாளியாக்கிக்கொண்டு ஓடியிருக்கிறான்.

செயில்ஜிபி பற்றி அவர் நிறையவே பேசினார். ஆரக்கிள் கம்பெனியின் லாரி எலிசனும் படகு வீரர் ரஸ்ஸல் கூட்ஸும் சேர்ந்து தொடங்கி 2019-இல் முதல் தொடர் நடந்தது. எல்லா அணிக்கும் ஒரே மாதிரி படகு. கரைக்குப் பக்கத்திலேயே பந்தயம், கால் மணி நேரத்தில் முடிந்துவிடும், மக்கள் உட்கார்ந்து பார்க்கலாம். நடுவர்கள் படகில் துரத்திக்கொண்டு போவதில்லை, லண்டனில் திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்து தீர்ப்பு சொல்கிறார்கள். எனக்குப் பிடித்தது வேறு ஒன்று. ஒவ்வொரு படகிலிருந்தும் வரும் அளவுகள் எல்லா அணிக்கும் திறந்தே இருக்கின்றன. நேற்று ஜெயித்தவன் சிறகை எந்தக் கோணத்தில் வைத்தான் என்று இன்று தோற்றவன் பார்த்துக் கற்கலாம். பல வருஷங்களாகத் துணி போட்டு மூடி ரகசியம் காத்த விளையாட்டு இது. அதில் இப்படி ஒரு விதி வந்திருப்பது சின்ன விஷயம் இல்லை.

கேள்வி நேரத்தில் அங்கிள் எழுந்தார். எனக்கே ஆச்சரியம்.

"காற்று விழுந்துபோன நாளில் இந்தப் படகு என்ன செய்யும்?"

வீராங்கனை நேராகவே பதில் சொன்னார். பறக்கக் குறைந்தபட்சக் காற்று வேண்டும். அமெரிக்கா கோப்பையில் காற்று 6.5 நாட் வேகத்துக்குக் கீழே போனால் பந்தயம் தொடங்காது. தொலைக்காட்சி நேரத்தை நம்பி உட்கார்ந்திருக்கும் ஒரு விளையாட்டுக்கு இது பெரிய தலைவலி. அங்கிள் உட்கார்ந்துகொண்டு என் பக்கம் சாய்ந்தார்.

"காற்று இல்லாவிட்டால் எங்கள் அப்பா துடுப்பை எடுப்பார், தம்பி. மீன் காத்திருக்காது."

தூத்துக்குடித் தோணிகளில் தண்டலாக, அதாவது தோணித் தலைவராக, வேலை பார்த்தவர்களிடமும் நான் இதையேதான் கேட்டிருக்கிறேன். வாடைக் காற்றுக்கும் கச்சான் காற்றுக்கும் ஏற்றபடி பயணத்தையே மாற்றிக்கொள்வார்கள். காற்று வருகிறவரை இருந்து, வந்ததும் போவார்கள். கடலோடு அப்படிப் பழகுகிற ஒரு பந்தயமும் இன்று இருக்கிறது. அதில் உலகத்தையே ஜெயித்தவர் ஒரு தென்னாப்பிரிக்கப் பெண். பேச்சின் இந்தப் பகுதிதான் எனக்கு நெஞ்சில் நின்றது. விரிவாகச் சொல்ல வேண்டும்.

1968-69-இல் நடந்த ஒரு பந்தயத்தில் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேயர் தனியாக, எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றி முடித்தார். அப்படிச் செய்த முதல் மனிதர். அவருடைய சுஹைலி என்ற படகு பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டப்பட்டது என்பது நம் ஆட்களில் பலருக்குத் தெரியாது. அந்தப் பந்தயத்தை கோல்டன் குளோப் ரேஸ் என்று 50 வருஷம் கழித்து 2018-இல் மறுபடி உயிர்ப்பித்தார்கள். விதி என்னவென்றால், பழைய வடிவப் படகு, காகித வரைபடம், சூரியனையும் நட்சத்திரத்தையும் அளக்கும் செக்ஸ்டன்ட். வழி பார்க்க ஜிபிஎஸ் கிடையாது. கம்ப்யூட்டர் வானிலை கிடையாது. தனி ஆள்.

2022 செப்டம்பரில் பிரான்சின் லே சாப்ல் டொலோனிலிருந்து 16 பேர் கிளம்பினார்கள். அதில் ஒரே பெண் கிர்ஸ்டன் நாய்ஷேஃபர், பிரிட்டோரியாவில் பிறந்தவர். மின்னஹாஹா என்ற 36 அடிப் படகு. நவம்பரில் தெற்கு இந்தியப் பெருங்கடலில், தென்னாப்பிரிக்கக் கரையிலிருந்து நூற்றுக்கணக்கான கடல் மைல் தள்ளி, டாப்பியோ லெஹ்டினன் என்ற பின்லாந்துக்காரரின் படகு சில நிமிஷங்களில் மூழ்கிவிட்டது. அவர் ரப்பர் மிதவையில் ஏறி இருந்தார். செய்தி வந்ததும் கிர்ஸ்டன் பந்தயப் பாதையை விட்டுத் திரும்பினார். இரவு முழுவதும் ஓட்டிப் போய் அவரைக் கண்டுபிடித்துத் தன் படகில் ஏற்றினார். பிறகு தார்யா காயத்ரி என்ற சரக்குக் கப்பல் வந்ததும் அதில் அனுப்பிவைத்துவிட்டு, மறுபடி பாயை ஏற்றிக்கொண்டு பந்தயத்துக்குத் திரும்பினார்.

2023 ஏப்ரல் 27 அன்று அவர் கரை சேர்ந்தார். முதலாவதாக வந்திருக்கிறார் என்பதே எல்லைக்கோட்டில் சொன்னபோதுதான் அவருக்குத் தெரியும். தனி ஆள் உலகைச் சுற்றும் பந்தயத்தில் ஒரு பெண் ஜெயித்தது வரலாற்றில் அதுவே முதல் முறை. இரண்டு நாள் கழித்து இரண்டாவதாக வந்தவர் கேரளத்தைச் சேர்ந்த முன்னாள் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி. 2018 பந்தயத்தில் அவர் படகின் பாய்மரம் முறிந்து, முதுகெலும்பு உடைந்து, நடுக்கடலில் அசைய முடியாமல் கிடந்து மீட்கப்பட்டவர். முதுகில் டைட்டானியம் கம்பியோடு திரும்பி வந்து இரண்டாம் இடம் பிடித்தார். 16 பேரில் எங்கும் நிற்காமல் விதிப்படி முடித்தவர்கள் மொத்தமே 3 பேர்.

வேகப்படி பார்த்தால் இது ஆமைப் பந்தயம். அதே லே சாப்ல் டொலோனிலிருந்து கிளம்பி, தனி ஆளாக உலகைச் சுற்றும் வாந்தே குளோப் பந்தயத்தை 2025 ஜனவரியில் ஷார்லி தலான் 64 நாள் 19 மணி நேரத்தில் முடித்தார். 1989-90-இல் முதல் போட்டியில் ஜெயித்தவருக்கு 109 நாள் ஆனது. கிர்ஸ்டன் எடுத்துக்கொண்டது 235 நாள். ஆனால் தென்னாப்பிரிக்காவில் படகையே பார்க்காத ஆட்கள்கூட அறிந்துகொண்ட பெயர் கிர்ஸ்டனுடையது. சனங்கள் இந்தப் பந்தயத்தில் தேடுவது ஒரு மனிதரைத்தான் என்று வீராங்கனை சொன்னார். எனக்கும் அது சரி என்றே படுகிறது.

வாந்தே குளோப்பிலும் அந்த மனிதர்கள் உண்டு. 2020 நவம்பர் கடைசியில் கேப் டவுனுக்குத் தென்மேற்கே கெவின் எஸ்கோஃபியேவின் படகு அலையில் மோதி இரண்டாக மடங்கியது. அப்போது அறுபதைத் தாண்டியிருந்த ஜான் லெ காம் இருட்டில் தேடிப்போய் அவரை ஏற்றிக்கொண்டார். அடுத்த சில நாளில் சாம் டேவிஸ் என்பவரின் படகு ஏதோ ஒன்றில் இடித்துச் சேதமாகி கேப் டவுனில் ஒதுங்கியது. கரையில் பழுதுபார்த்தால் போட்டியிலிருந்து விலக்கு. அவர் பழுதுபார்த்துக்கொண்டு, போட்டிக் கணக்கில் இல்லாமலே மீதி உலகத்தையும் சுற்றி முடித்தார். ஏன் தெரியுமா? அவருடைய படகு ஓடினால் பிள்ளைகளின் இதய அறுவைச் சிகிச்சைக்குக் காசு சேரும். படகு நின்றால் அதுவும் நின்றுவிடும். கேப் டவுன் துறையில் அந்தப் படகில் வேலை செய்த ஆட்களை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருக்கிறது.

பந்தயத்தின் சுற்றுச்சூழல் கணக்கையும் அவர் தொட்டார். கார்பன் நார் படகுகளை மறுபடி உருக்க முடியாது என்பதும், வேகமான சிறகுகள் திமிங்கிலங்களின் மேல் மோதுகின்றன என்பதும், அவை கூடும் கடல்களைப் பந்தயப் பாதையிலிருந்து விலக்குகிறார்கள் என்பதும் வந்தன. முக்கியமான விஷயம்தான், ஆனால் அன்று நேரம் போதவில்லை.

பேச்சின் கடைசிப் பகுதி, யார் இந்தப் படகில் ஏறப்போகிறார்கள் என்பது. இங்கே நான் அவரோடு உடன்பட்டும், போதாது என்று நினைத்தும் உட்கார்ந்திருந்தேன்.

அவர் சொன்னது நல்ல செய்திகள். 2024-இல் அமெரிக்கா கோப்பையோடு சேர்த்து முதல் முறையாகப் பெண்களுக்கென்று ஒரு போட்டி நடந்தது. தென்னாப்பிரிக்காவிலிருந்து ஷோஷோலோசா அணி 2007-இல் வலென்சியா போனது. கோப்பையின் நூற்றைம்பது வருஷ வரலாற்றில் ஆப்பிரிக்காவிலிருந்து முதல் அணி. அதைத் தூக்கி நிறுத்திய கேப்டன் சால்வதோரே சார்னோ இதே டர்பனில் கப்பல் கம்பெனி நடத்தியவர். கேப் டவுனை அடுத்த சைமன்ஸ் டவுனில் ஏழைப் பிள்ளைகளுக்கான படகுப் பள்ளியில் கற்ற கருப்பின இளைஞர்கள் அந்தப் படகில் இருந்தார்கள். பணத்தில் பல மடங்கு பெரிய அணிகளுக்கு நடுவே கோப்பைக்குச் சவால் விட்ட 11 அணிகளில் 7-ஆம் இடம் பிடித்தார்கள். கேப் பக்கத்திலிருந்தே வந்த அசெனாதி ஜிம் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ரோஜர் ஹட்சனோடு தென்னாப்பிரிக்காவுக்காகப் படகோட்டினார்.

எல்லாம் உண்மை. ஆனால் இந்த நகரத்தில் இந்த விளையாட்டு எப்படிப் பிரிந்து கிடந்தது என்பதைச் சொல்லாமல் அதன் வருங்காலத்தைப் பேச முடியாது.

ராயல் நேட்டல் யாட் கிளப் 1858-இல் தொடங்கியது. இரண்டே வருஷம் கழித்து, 1860 நவம்பர் 16 அன்று, மதராஸிலிருந்து ட்ரூரோ என்ற பாய்மரக் கப்பல் 342 பேரோடு இதே துறைக்கு வந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் முன்னோர்கள். இரண்டு பக்கமும் பாய்மரம்தான், இரண்டு பக்கமும் ஒரே தண்ணீர்தான். ஒப்பந்தம் முடிந்த பிறகு அவர்களில் கடல் தெரிந்தவர்கள் துறைமுகத்துக்குள் இருந்த சாலிஸ்பரி தீவில் குடிசை போட்டு, மீன் பிடித்து, கருவாடு போட்டு விற்றார்கள். அங்கிளின் குடும்பம் அதில் ஒன்று. பிளஃப் குன்றின் மேல் ஒருவர் நின்று மடவைக் கூட்டத்தைப் பார்த்துக் கையசைக்க, கீழே படகு வலையைச் சுற்றி வளைக்குமாம். ஜூன், ஜூலையில் சாளை ஓட்டம் வந்தால் ஊரே கரையில்.

இரண்டாம் உலகப்போர் வந்ததும் தீவு கடற்படைத் தளமானது. மீனவர்கள் கரைக்கு வந்தார்கள். 1950-இல் வந்த, இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குழுப் பகுதிச் சட்டம் பலரைக் கரையிலிருந்தும் கிளப்பிக் கடைசியில் சாட்ஸ்வர்த் மேட்டுக்கு அனுப்பியது. 1953-இன் தனி வசதிகள் சட்டத்துக்குப் பிறகு கடற்கரையும் தோல் நிறப்படி பங்கு போடப்பட்டது. டர்பன் கடற்கரைகள் எல்லோருக்கும் திறந்தது 1990-ஐ ஒட்டித்தான். இதற்கு நடுவில், 1961-இல் இந்தியர்களுக்கென்று ஒரு கல்லூரியை அதே சாலிஸ்பரி தீவில், பழைய கடற்படைக் கொட்டகைகளில் திறந்தார்கள். மாணவர்கள் படகில் ஏறி வகுப்புக்குப் போனார்கள். படகுக் கிளப்புகளின் வெள்ளைப் பாய்களுக்கு நடுவே அந்தப் படகு போய்வந்திருக்கும்.

"தண்ணீர் பக்கம் போகாதே என்று என் பிள்ளைகளை நானே வளர்த்தேன்" என்றார் அங்கிள் திரும்பும் வழியில். "போனால் போலீஸ் பிடிக்கும் என்ற பயம். அந்தப் பயத்தை அவர்கள் தங்கள் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். இப்போது போலீஸ் இல்லை, பயம் மட்டும் இருக்கிறது."

கரைவலை இழுத்த வம்சத்தின் மூன்றாம் தலைமுறைக்கு நீச்சல் தெரியாமல் போனது இப்படித்தான். இதற்குப் பறக்கும் படகு மருந்தாகாது. ஒரு பிள்ளை 15 மீட்டர் படகைத் தொலைக்காட்சியில் பார்த்து வாய் பிளக்கலாம். அதில் ஏற வேண்டுமானால் முதலில் மூக்கைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் முங்கி எழ வேண்டும்.

அந்த முதல் படிக்கு ஏற்ற படகு 1947-இலேயே வந்துவிட்டது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கிளார்க் மில்ஸ் என்ற படகு ஆசாரி, பிள்ளைகள் சொற்பச் செலவில் ஓட்ட வேண்டும் என்று, இரண்டு பலகை ஒட்டுமரத்தில் செய்யும்படி வடிவமைத்த ஆப்டிமிஸ்ட். இரண்டேகால் மீட்டர் நீளத்துக்குக் கொஞ்சம் கூட, எடை 35 கிலோ. மூக்கு மழுங்கிய தொட்டி மாதிரிதான் இருக்கும். உலகின் பெரிய படகு வீரர்களில் பாதிக்கு மேல் அதில் ஆரம்பித்தவர்களாக இருப்பார்கள் என்று வீராங்கனை சொன்னார், தன்னையும் சேர்த்து. பறக்கும் படகுக்குக் கணினி வேண்டும், நீரழுத்த எந்திரம் வேண்டும், கரையில் ஒரு பட்டாளம் வேண்டும். ஆப்டிமிஸ்டுக்கு ஒரு பாய், ஒரு சுக்கான், உயிர்காப்புச் சட்டை, கூடவே ஒரு மீட்புப் படகு. அதையும் பெரியவர்கள் முகம் சுளிக்காமல் தண்ணீரில் நின்று தள்ளிவிட வேண்டும்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது வராது என்று யாராவது சொன்னால் மூன்று பெயர் சொல்லுங்கள். சென்னையில் கோடை முகாமில் படகைப் பிடித்த நேத்ரா குமணன், 2021-இல் ஓமனில் நடந்த தகுதிப் போட்டி மூலம் ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார், பாரிஸுக்கும் போனார். வேலூரைச் சேர்ந்த விஷ்ணு சரவணன் 2023-இல் நடந்த ஹாங்சௌ ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்றார். புதுச்சேரியைச் சேர்ந்த கடற்படை அதிகாரி ரூபா அழகிரிசாமி, சக அதிகாரி தில்னாவோடு சேர்ந்து தாரிணி என்ற பாய்ப்படகில் 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து கிளம்பி, தென் அமெரிக்காவின் கேப் ஹார்னைச் சுற்றி, 2025-இல் நம் கேப் டவுனில் நின்று, மே கடைசியில் வீடு சேர்ந்தார். இரண்டே பெண்கள், முழு உலகம்.

அவர்கள் நின்ற கேப் டவுனுக்கும் டர்பனுக்கும் நடுவில் ஓடுகிற அகுல்ஹாஸ் நீரோட்டத்தைப் பற்றிக் கடலோடிகள் மரியாதையோடுதான் பேசுவார்கள். வடகிழக்கிலிருந்து நாலு ஐந்து நாட் வேகத்தில் இறங்கும் நீரோட்டம், அதற்கு எதிரே தென்மேற்கிலிருந்து திடீரென்று அடிக்கும் காற்று. இரண்டும் மோதினால் அலை சுவர் மாதிரி செங்குத்தாக எழும். 1984-இல் டர்பனிலிருந்து கிளம்பிய வாஸ்கோ ட காமா பந்தயத்தில் ரூபிகன் என்ற படகு ஆட்களோடு காணாமல் போனதும் அப்படி ஒரு புயலில்தான். இதை இங்கே எழுதுவதற்குக் காரணம் உண்டு. பெற்றோரின் பயத்தை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளக் கூடாது. இந்தக் கடல் பயப்பட வேண்டிய கடல்தான். ஆனால் பிள்ளைகள் கற்கப்போவது அந்தக் கடலில் இல்லை. துறைமுகத்துக்குள், அலைதாங்கிச் சுவருக்கு இந்தப் பக்கம், மீட்புப் படகு பக்கத்திலேயே நிற்க, வெதுவெதுப்பான தண்ணீரில். அதற்கும் முன்னால் நீச்சல் குளம்.

ஒன்றை நான் அந்தக் கூட்டத்தில் எழுந்து கேட்டிருப்பேன், நேரம் முடிந்துவிட்டது. பாராலிம்பிக்கில் 2000-இலிருந்து இருந்த பாய்மரப் போட்டியை 2016-க்குப் பிறகு எடுத்துவிட்டார்கள். காலில்லாதவரும் கண் தெரியாதவரும் மற்றவர்களுக்குச் சமமாகக் காற்றைப் பிடிக்க முடிகிற விளையாட்டு இது. வருங்காலத்தைப் பற்றிய பேச்சில் அவர்களுக்கு இடமில்லாதது எனக்கு உறுத்தியது. அமைப்பாளர்களுக்கு எழுதியிருக்கிறேன். அடுத்த வகுப்பில் சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைகளையும் சேர்க்க வழி பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இனி நடைமுறை. கூட்டத்தில் சேர்ந்த காசு பயிற்சியாளர் சம்பளத்துக்கும் நீச்சல் குளத்துக்கும் போகிறது. தானமாக வந்த பழைய ஆப்டிமிஸ்ட்கள் சிலவற்றின் அடிப்பகுதி விரிசல் விட்டிருக்கிறது. கண்ணாடி நாரும் பிசினும் வைத்து ஒட்டுகிற வேலையை நானும் பட்டறையில் என்னோடு இருக்கும் இருவரும் ஏற்றுக்கொண்டோம். முடிச்சுப் போடக் கற்றுத்தர அங்கிள் வருகிறார். தன் பேத்தியின் மகளையும் சேர்த்திருக்கிறார். ஒன்பது வயது, இப்போதைக்குக் குளத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு காலடிக்கிறாள்.

குறை ஒன்றே ஒன்றுதான். சாட்ஸ்வர்த்திலிருந்து சனிக்கிழமை காலை துறைமுகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிவர வண்டி இல்லை. பெற்றோர் பலர் சனிக்கிழமையும் வேலைக்குப் போகிறவர்கள். டாக்ஸிக் காசு இரண்டு பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குக் கட்டாது. கோயிலுக்கோ தமிழ்ப் பள்ளிக்கோ வேன் வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், காலை ஏழு மணிக்கு எடுத்துப் பன்னிரண்டுக்குத் திரும்ப விட்டால் போதும். டீசல் செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். பதிவுக்குக் கீழே ஒரு வரி எழுதுங்கள், நானே கூப்பிடுகிறேன்.